கத்தரீனா அக்காவின் அறைக்கு ஒரு டன்

குருநகர் ஐஸ் பெக்டரி மெக்கானிக் கனிசியஸ் கெட்டவர் அல்லர். ஆனால் அவர் பக்கத்தில் பத்து நிமிடம் இருக்க யாருக்கும் பொறுமை போதாது. பூசை நேரத்திலும் கோயில் மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருக்கிற மனுஷன் அவர்.

1984இல் கடலுக்குப் போகத் தடை வந்தது. மீன் இல்லாத ஊரில் ஐஸ் எதற்கு? பெக்டரியும் பூட்டிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய ஒரே அக்கா கத்தரீனா கண்ணை மூடினார். மகன் சூசைதாசன் கொழும்பில். ஊரடங்கு, அவன் வந்து சேர இரண்டு நாளாகும். பிரேதம் பழுதாகாமல் ஊசி போடுகிறவரும் வர முடியாமல் போயிற்று. வெயிலோ கொளுத்தியது.

"பெடியன் தாயின்ரை முகத்தைப் பாக்க வேணும்" என்று கனிசியஸ் ஒற்றைக்காலில் நின்றார். திருத்த வந்து கிடந்த ஒரு டன் ஏசியைக் கொண்டுவந்து அக்காவின் அறை ஜன்னலில் பூட்டினார்.

"உது ஒரு டன் பாரமோ?" என்று பக்கத்து வீட்டு லூர்த்தம்மா கேட்டுவிட்டார். கனிசியஸுக்கு வந்ததே கோபம்.

"பாரமில்லையணை! ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகேக்கை எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அவ்வளவு சூட்டை உது ஒரு நாளிலை வெளியாலை தள்ளும். மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டாயிரம் பி.டி.யூ. ஒரு றாத்தல் தண்ணியை ஒரு டிகிரி பாரன்ஹைட் சூடாக்கிற சூடுதான் ஒரு பி.டி.யூ."

"அப்ப இந்த அறைக்கு உந்தக் குளிர் காணும்தானே?"

"அறையை அளந்துதான் பூட்டினனான். தாராளமாக் காணும்."

வெப்பமானி இறங்கியது. மத்தியானம் திரும்ப ஏறியது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெஷினைத் தட்டிப் பார்த்தார், வயரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒழுங்கை வீட்டுச் சனம் முழுவதும் உள்ளே இருந்தது. முப்பது பேர், செபமாலை, சுற்றிவர மெழுகுதிரி. செத்தவரைத் தனியே விடுவது எங்கள் வழக்கமில்லை. தகரக் கூரையின் சூட்டைக்கூடக் கணக்கில் சேர்த்தவர், சனத்தைச் சேர்க்க மறந்துவிட்டார்.

"ஒராளின்ரை உடம்பு மணித்தியாலத்துக்கு நானூறு பி.டி.யூ. சூடு விடும். முப்பது பேரின்ரை சூட்டுக்கே பன்னிரண்டாயிரமும் சரியாப் போச்சுது. எல்லாரும் வெளியாலை போங்கோ!"

"பிரேதத்தைத் தனிய விட்டிட்டோ? உனக்கென்ன விசரே?" என்றார் லூர்த்தம்மா.

விசர்தான். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து வெளியேற்றினார். மெழுகுதிரிகளை முற்றத்துக்கு மாற்றினார். செபம் வாசலுக்கு வெளியே நடந்தது. இரண்டு நாளும் ஊர் அவரைத் திட்டித் தீர்த்தது. அவர் முற்றத்துக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். சாப்பிடவுமில்லை, ஓரிடத்தில் இருக்கவுமில்லை.

மூன்றாம் நாள் காலை சூசைதாசன் பையோடு ஓடி வந்தான். கதவைத் திறந்தான். குளிர்ந்து கிடந்த அறையில் தாய் மட்டும்.

"அம்மாவைத் தனிய விட்டிட்டியளோ, மாமா?"

இதற்குக் கனிசியஸிடம் எத்தனையோ விளக்கம் இருந்தது.

"ஓமடா தம்பி" என்றார். "நானும் உள்ளுக்கை போகேல்லை. என்ரை உடம்பும் சூடுதானே."

அதன் பிறகுதான் அந்த மனுஷன் அக்காவின் காலடியில் விழுந்து, இரண்டு நாள் அழுகையையும் அழுதார்.