கறியைத் திரும்பக் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

1. போன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுக்கறிக் கடையில் யாரும் போன் எடுக்க மாட்டோம். கை முழுக்கக் கறி, எதிரில் கூட்டம். அன்றைக்கு அது விடாமல் அடித்துக்கொண்டே இருந்ததால் எரிச்சலோடு முழங்கையால் தள்ளி ஸ்பீக்கரில் போட்டேன். எங்களுக்கு மாடு பிடித்துக் கொடுக்கும் கண்ணமங்கலத்துத் தரகர் பேசினார்.

"பாயம்மா, நேத்து குடுத்த காளைய அறுத்துட்டீங்களா?"

"அறுத்து, கூறு போட்டு, முக்காவாசி போயாச்சு. இன்னா விஷயம், ஜல்தியா சொல்லுங்க."

"அதுக்குக் கால்ல சீழ் வெச்சி ஊசி போட்டுகினு இருந்தாங்களாம். வித்தவன் மறைச்சிட்டான். இப்பதான் தெரிஞ்சிது. பெரிய பேஜாரா பூட்சிம்மா."

என் வீட்டுக்காரர் கத்தியைக் கட்டையின் மேல் வைத்துவிட்டார். ஆரணியில் இந்தக் கடையை நாங்கள் இரண்டு பேரும்தான் நடத்தினோம். அவர் வெட்டுவார், நான் எடை போட்டுக் கட்டிக் கொடுப்பேன். கடையில் ஆள் நிற்கும்போது அவர் கத்தியைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை.

மாட்டு டாக்டருக்கு நானே போன் போட்டேன். ஊசி போட்ட மாட்டை உடனே அறுக்கக் கூடாது, மருந்து உடம்பை விட்டுப் போக நாளாகும் என்றார். "ஈரல், கிட்னி, மண்ணீரல் மாதிரி உள்ளுறுப்புங்கள்லதாம்மா மருந்து அதிகமா தங்கும். பெரியவங்களுக்கு ஒருவேளை ஒண்ணும் ஆகாது. முழுகாம இருக்கிறவங்க, சின்னக் கொழந்தைங்க வாயில பட வேணாம்."

அந்தக் காளையின் மண்ணீரல் அன்று விடிந்ததும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குத்தான் போயிருந்தது. அவள் வீடு எதுவென்று எனக்குத் தெரியாது. வாங்கிப் போன அவள் புருஷன் பேர்கூடத் தெரியாது.

2. திரும்பி வந்தவை

"வித்தது அத்தனையும் திரும்பி வரணும்" என்றார் என் வீட்டுக்காரர். ஒரு ஆட்டோவில் மைக் கட்டி, "காலையில் எங்கள் கடையில் வாங்கிய கறியைச் சமைக்க வேண்டாம், திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளவும்" என்று தெருத்தெருவாகச் சொல்ல அனுப்பினோம். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, கெட்ட சரக்கைத் திரும்பக் கேட்டால் ஜனங்கள் ஓடி வந்து கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் கடையில் கூறு போட்டுத்தான் விற்போம். ஒவ்வொரு கூறிலும் சதை, எலும்பு, ஈரல், நுரையீரல், போட்டி என்கிற குடல் எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும். திரும்பி வந்த பைகளைப் பிரித்துப் பார்த்தால் எலும்பும் நுரையீரலும் மட்டும் இருக்கின்றன. "சதை எங்கம்மா?" என்றால், "அது நல்லாத்தான் இருந்துச்சி பாயம்மா, அடுப்புல ஏத்திட்டேன்" என்கிறார்கள். அடிப்பாவிகளா, ஒரே மாட்டில் நுரையீரலுக்கு மட்டுமா ஊசி போட்டிருப்பான்!

ஒரு ஆயா குழம்புச் சட்டியோடு வந்து கட்டையின் மேல் வைத்துவிட்டு, அரைத்த மசாலாவுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டது. சாயங்காலம் தள்ளுவண்டியில் சில்லி பீஃப் போடுகிறவர், "எனக்குக்கூடத்தான் ஆஸ்பத்திரில ஊசி போட்றாங்க. நான் இன்னா கெட்டா பூட்டேன்?" என்று சண்டைக்கு நின்றார். ஒருவர் சாப்பிட்டே முடித்துவிட்டு வந்து, நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கையை நீட்டினார்.

எல்லாரையும்விடப் பிடிவாதம், கூறில் சேராத உறுப்புகளை வாங்கியவர்களுக்குத்தான். ஒரு மாட்டுக்கு நாக்கு ஒன்று, வால் ஒன்று, மண்ணீரல் ஒன்று. முறை வைத்து வாரக்கணக்கில் காத்திருந்து வாங்குவார்கள். நாக்கு வாங்கிய டெய்லர் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர் மாதிரி நின்றார். "அடுத்த வாரம் எனக்குத்தான், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பாக இருந்தாலும் எனக்கு அவரைப் புரிந்தது. சதை எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்த மாதிரி உறுப்பைத் தேடி வருகிறவர்களுக்கு அதை முதலில் ஊட்டிய கை ஒன்று எங்கோ இருக்கும்.

3. பேர் கேட்பதில்லை

எங்களிடம் இன்னொரு வகை வாடிக்கை உண்டு. கூட்டம் சேரும் முன்பே, வெளுக்கும் நேரத்தில் வந்து, கறுப்புக் கவரில் போட்டதைப் புடவைக் கடைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் வீட்டில் மாட்டுக்கறி புழங்காது. அவர்களிடம் பேர் கேட்பதில்லை, வீடு கேட்பதில்லை. தெருவில் எதிரில் வந்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதும் இல்லை. என் மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான். இந்த மரியாதைக்காகவே எங்கள் கடைக்கு வந்தார்கள். அன்றைக்கு அதே மரியாதை என் கழுத்தைப் பிடித்தது.

மண்ணீரல் வாங்கியவர் அப்படி வந்தவர்தான். முதல் தடவை வந்தபோது கட்டையைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு, "சுவரொட்டி கிடைக்குங்களா?" என்றார். மண்ணீரலுக்குக் கடையில் சொல்லும் பேர் அது. பிறகு எப்படிச் சமைப்பது என்று கேட்டார். அப்படிக் கேட்கக் கேட்கத்தான் கதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அவர் பட்டுத் தறி ஓட்டுகிறவர். பெண்டாட்டி வந்தவாசிப் பக்கம். பிறந்த வீட்டில் மாட்டுக்கறி சாப்பிட்டு வளர்ந்தவள். இவரைக் கட்டிக்கொண்ட பிறகு அந்த வீடும் இல்லை, அந்தச் சாப்பாடும் இல்லை. அம்மா வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"இப்ப முழுகாம இருக்காங்க. ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க. எதைக் குடுத்தாலும் வாந்தி. அவங்க அம்மா சுட்டுக் குடுக்கிற சுவரொட்டி மட்டும்தான் கேக்கறாங்க. தூக்கத்துல கூட அதையே சொல்லிகினு இருக்காங்க. ஞாயித்துக்கிழமை எங்க அம்மா கோயிலுக்குக் கெளம்பினதும் மொட்டை மாடியில அடுப்பு வெச்சி செய்றோம். அம்மாக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

மசக்கை எனக்கும் தெரியும். எனக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாகத்தான் என் மகன் பிறந்தான். அதனால் அந்தப் பெண்ணை ஒரு நாளும் பார்க்காமலேயே எனக்கு அவள்மேல் பாசம் வந்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மண்ணீரலை அவளுக்கென்று எடுத்து வைத்தேன்.

மைக் ஆட்டோ தறிக்காரர்கள் தெருவுக்குள் போனதும், "இங்க யாரு அதைத் துன்றாங்கன்னு வந்து கத்துற?" என்று விரட்டிவிட்டார்கள். ஆட்டோக்காரர் திரும்பி வந்து அதைச் சொன்னபோது நான் ஏப்ரனைக் கழற்றிவிட்டேன்.

"எங்க போற? வீடு தெரியாதே" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரு தெரியும். ஒருநாள் அவர் தெருவுல தறிக்குப் பாவு நூல் நீட்டிகினு இருந்ததைப் பாத்தேன். வீடு வீடா ஏறி எறங்கறேன்."

"ஏறி இன்னான்னு கேப்ப? அவர் குடும்பமே ரெண்டா பூடும்."

"புடவை கேப்பேன். ஆரணியில புடவை கேட்டா யாரு தப்பா நெனைப்பாங்க?"

4. புடவை பார்க்கப் போனது

கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். நல்ல துப்பட்டி போட்டுக்கொண்டு போனேன். முதல் வீட்டில் ஆள் இல்லை. இரண்டாவது வீட்டில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். பார்டர் சரியில்லை என்று சாக்குச் சொல்லி எழுந்து வந்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் மாமியார் கோயிலுக்குக் கிளம்பும் நேரம். அந்த அம்மா வாசல் தாண்டினால் மாடியில் அடுப்பு எரியும். மைக்கைக் கேட்டும் அவர் ஏன் வரவில்லை? ஒருவேளை கேட்கவே இல்லையோ? யா அல்லா, அந்த வாய்க்குப் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நடந்தேன்.

அடுத்த வீட்டு வாசலில் ஒரு பெரியம்மா பூக்கூடையும் தேங்காயுமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். வயிறு மேடிட்டிருந்தது, உதடு வெளுத்திருந்தது. அவள்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"கல்யாணப் புடவை பாக்கணுங்க" என்றேன்.

பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். "உள்ள வாங்க. பையன் பாவு விஷயமா வெளிய போயிருக்கான். நானே எடுத்துக் காட்றேன்" என்று பீரோ இருந்த அறைக்குள் போனார்.

எனக்குக் கிடைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் கறிக்கடை பாயம்மா. காலையில வந்தது சாப்பிட்டியா?"

அவள் பயந்து தலையை ஆட்டினாள். இல்லை. மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறதாம்.

"அது ஆகாதும்மா. ஊசி போட்ட மாடு. கொழந்தைக்குக் கெடுதல். எடுத்துகினு வந்து என்கிட்ட குடுத்துடு."

அவள் நகரவில்லை. கண் நிறைந்துவிட்டது. "ஒரே ஒரு துண்டு சாப்ட்டா கூட ஆகாதுங்களா? வாரம் பூரா இதுக்காகத்தான் சோத்தை முழுங்கிகினு இருக்கேன். எங்க அம்மா மொளகு வெச்சி சுட்டு ஊதி ஊதிக் குடுக்கும். நான் கண்ணை மூடிகினு சாப்புடுவேன். அந்த நேரத்துக்கு மட்டும் எங்க வீட்ல இருக்கிற மாதிரியே இருக்கும்."

ஆயுசு முழுக்கக் கறி விற்றவள் நான். ஒரு துண்டு கறிக்குப் பின்னால் இத்தனை ஏக்கம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் நேரில் கண்டேன். "போய் எடுத்துகினு வாம்மா, என் கண்ணு இல்ல" என்று கெஞ்சினேன். அவள் படியேறிப் போனாள், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. திரும்பி வந்து கவரை என் பைக்குள் வைத்துவிட்டு, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

பெரியம்மா ஆறேழு புடவைகளை விரித்துப் போட்டார். எல்லாவற்றையும் பார்த்தேன். எதுவும் கண்ணில் ஏறவில்லை. பெண்ணின் சம்மதம் கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எனக்கோ பெண்ணே கிடையாது.

5. வாசலில்

பெரியம்மா வாசல் வரை கூடவே வந்தார். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மைக்குல சொன்னது என் காதுலயும் விழுந்துச்சி பாயம்மா. பையனும் வீட்ல இல்ல. அவகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாமதான் கோயிலுக்குப் போவாம இழுத்துகினு இருந்தேன். சொன்னா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் கூச்சப்பட்டுகினு சாப்பிடவே மாட்டா. நல்லவேளை நீங்க வந்தீங்க."

பையைத் துப்பட்டிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டேன்.

"எனக்கு அதெல்லாம் ஆகாது, வாடையே தாங்காது. ஆனா அவ அம்மா வீட்டை என்னால கொண்டாந்து குடுக்க முடியாதே. அதான் ஞாயித்துக்கிழமையானா அந்தக் கோயில்ல போய் மத்தியானம் வரைக்கும் சும்மா உக்காந்துகினு இருக்கேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த வாரம் நல்லதா பாத்துக் குடுங்க" என்றார்.

கடைக்கு வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். திரும்பி வந்த கறியை என் வீட்டுக்காரர் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்துக்கொண்டிருந்தார். என் பையில் இருந்ததையும் அதில் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தறிக்காரர் வந்தார். நன்றி என்று சொல்லி அழுதார். அவர் அம்மா சொன்னதை நான் சொல்லவில்லை. அது அந்தப் பெரியம்மாவின் ரகசியம். அதையும் கறுப்புக் கவரில் போட்டு வைத்துக்கொள்வதுதான் எங்கள் கடை வழக்கம். பங்குனி வரை வந்தார், அதற்குப் பிறகு வரவில்லை. பிள்ளை பிறந்திருக்கும், மசக்கை தீர்ந்திருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். ஆணா பெண்ணா என்று இன்றுவரை தெரியாது.

இப்போது கடை என் மகன் கையில் இருக்கிறது. அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இரண்டு. ஊசி போட்ட மாடா என்று டாக்டர் வாயால் கேட்காமல் கத்தி எடுக்காதே. பேர் சொல்லாத வாடிக்கையிடம் பேர் கேட்காதே, போன் நம்பர் மட்டும் கேட்டு வாங்கிக்கொள். நீங்களும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி, கறி விற்கிறவர்களுக்கு அதைச் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கக் கிடைப்பதில்லை. வெட்டுவோம், கட்டுவோம், கொடுப்போம், அவ்வளவுதான். நானும் அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அந்தப் பெண் ஒருத்தி மட்டும், மாடியில் கண்ணை மூடிக்கொண்டு வயிறாரச் சாப்பிடுவதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் போல எனக்கு இன்னும் இருக்கிறது.