மைக்கில் போன வேலை

ஒருவரை வேலையை விட்டுத் தூக்குவதை மைக்கில் அறிவித்துக் கேட்டிருக்கிறீர்களா? போன மாதம் நான் கேட்டேன். கேரளாவில், கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் ஃபுட்பால் ஃபைனலில்.

மச்சான் ஊருக்குப் போயிருந்தேன். "வாங்க மாப்ள, மேட்ச் பாக்கலாம்" என்று இழுத்துப் போனார். சாயங்கால வெயில். கமுகு மரத்தில் கட்டிய கேலரி. நிற்க இடமில்லை.

உள்ளூர் டீமின் கோச் செல்வராஜ் எனக்குப் பழக்கம். விவசாயக் குடும்பம். ஃபார்வர்டாக ஆடிய காலத்தில் அவர் பெயரைச் சொன்னாலே டிக்கெட் தீர்ந்துவிடும். ஒரு வருஷம் முட்டி வீங்கியது. ஊசி போட்டு, "இந்த ஒரு மேட்ச் மட்டும்" என்று இறக்கினார்கள். ஒரு மேட்சா அது? சீஸன் முழுக்க அதையேதான் சொன்னார்கள். முட்டி போயிற்று... ஆட்டமும் போயிற்று. அப்புறம்தான் கோச்.

அன்று இடைவேளையில் டீம் ஒரு கோல் பின்னால். ஸ்டார் ஆட்டக்காரன் விஷ்ணு, காலில் கட்டோடு வெளியே உட்கார்ந்திருந்தான். கிளப் பிரசிடெண்ட் வேகமாக வந்தார். கேலரிக்கே கேட்டது.

"விஷ்ணுவ எறக்குங்க. சனம் அவனப் பாக்கத்தான் வந்திருக்குது."

"கணுக்கால் வீங்கியிருக்குதுங்க. எறக்க மாட்டனுங்க."

"அப்ப நீங்க வேண்டாம்."

அவ்வளவுதான். மைக் மலையாளத்தில் முழங்கியது — இரண்டாம் பாதியில் டீமை பிரசிடெண்டே கவனிப்பார், இதுவரை உழைத்த செல்வராஜுக்கு நன்றி. சிலர் கைகூடத் தட்டினார்கள்!

அவர் மெல்லப் படியேறி வந்து என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. பையன்கள் நொடிக்கொரு தரம் கேலரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னையவே பாக்கறானுங்க. பந்தைப் பாக்கோணுமல்ல..." என்று எழுந்துவிட்டார்.

மச்சானை விட்டுவிட்டு நானும் கூடவே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை.

"விஷ்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"ஆடறேன்னுதான் சொல்லுவானுங்க. நானும் அப்படித்தானுங்க சொன்னேன்."

பஸ் ஸ்டாப் வந்தது. மைதானத்துப் பக்கம் ஒரு கூச்சல். கொஞ்ச நேரத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. மச்சானிடமிருந்து போன்.

"ஜெயிச்சாச்சு மாப்ள! ரெண்டும் விஷ்ணுதான்!" பிறகு குரல் இறங்கியது. "ஆனா பையன் உழுந்தவன் எந்திரிக்கல..."

செல்வராஜிடம் சொன்னேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

அவர் ஊருக்குப் போகும் கோபாலபுரம் பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை.

"எல்லாரும் கப்பைத் தூக்கிட்டு நிப்பாங்க. அவனைத் தூக்கறதுக்கு ஆள் வேணுமுங்க."

கெட்டுப்போன முட்டியை இழுத்துக்கொண்டு, துரத்திவிட்ட மைதானத்துக்கே திரும்பி நடந்தார். ஆஸ்பத்திரியில் இரவு முழுக்கப் பையனோடு இருந்ததும் அவர்தானாம். எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது, சவ்வும் கிழிந்திருக்கிறது. மறுபடி ஆடுவானா என்று கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லையாம்.

ஜெயித்தவனுக்கு மாலை போடப் பத்துப் பேர் ஓடி வருகிறார்கள். வேண்டாம் என்று தடுக்கிறவனைத்தான் யாருக்கும் பிடிப்பதில்லை. விளையாட்டில் மட்டுமா?

கப் இப்போது கிளப் அலமாரியில். விஷ்ணு கட்டிலில். டீமுக்குப் புது கோச் வந்துவிட்டார் — இறக்கு என்றால் இறக்கிவிடுவாராம்!