ஆவி காட்டிய மரவள்ளி இலை

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். எங்கள் பக்கம் யாரும் யாரையும் நம்பவில்லை. கள்ளக்குறிச்சியில் மரவள்ளிப் பயிரைச் சோதிக்கும் லேபில் நான் டெக்னீஷியன்.

சின்னசேலம் பக்கத்தில் மரவள்ளிக் கொழுந்து தின்ற அஞ்சு ஆடு செத்துப்போயின. ஆடுகளுக்கும் நிலத்துக்கும் சொந்தக்காரர் கோவிந்தசாமி, தன்னிடம் கூலிக்கிருந்த ஏழுமலையைக் கைகாட்டினார். "வருஷா வருஷம் துன்ற எலைதானுங்க. இப்பதான் சாவுதா? அவன்தான் மருந்து வச்சிட்டான்." ஏழுமலை என் முகத்தையே பார்க்கவில்லை. குற்றம் செய்தவன் இப்படித்தான் நிற்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனைக்கு அந்த வயலில் கொழுந்து பறித்துத் திரும்பினால், வழியில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல். இலை அழுகிவிடுமே என்று டீக்கடை இட்லிப் பானையில் ஆவி காட்டி எடுத்துவைத்தேன். சர்க்கரைச் சத்து பார்க்க எடுக்கும் இலைக்கு அதுதான் வழக்கம்.

மறுநாள் இலையை நசுக்கி, குப்பிக்குள் பிக்ரேட் தாளைத் தொங்கவிட்டேன். மரவள்ளி இலையில் இயற்கையாகவே இருக்கும் சயனைடு விஷம் வாயுவாக வந்தால் மஞ்சள் தாள் செங்கல் நிறமாகும். சாயங்காலம் வரை மஞ்சளாகவே இருந்தது. லேபுக்கு வந்த கோவிந்தசாமியிடம், "எலைல விஷம் இல்லீங்க," என்றேன். அன்றைக்கே ஏழுமலையின் சாமான்களைக் குடிசையிலிருந்து வெளியே எறிந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் எங்கள் லேப் ஆபீசரம்மா என் நோட்டைப் பார்த்தார். "எலைய எப்படிக் கொண்டாந்த?"

"ஆவி காட்டிங்க மேடம்."

"நாசமாப் போச்சு. கசக்குனா விஷத்தப் பிரிச்சு வுடறதே எலைல இருக்கற என்சைம்தான். அத வேவவச்சுக் கொன்னுட்டு, விஷம் இல்லன்னியா?"

அதே வயலுக்குப் போய்ப் பச்சை இலை பறித்து அங்கேயே நசுக்கினேன். கொஞ்ச நேரத்தில் தாள் சிவந்துவிட்டது. கோவிந்தசாமி பார்த்துவிட்டு, "மழை இல்லாம காஞ்ச பயிரு, அதான் விஷம் ஜாஸ்தி போல," என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஏழுமலையைச் சின்னசேலம் ரயிலடியில் பிடித்தேன். மனைவி, ரெண்டு மூட்டை, மடியில் குழந்தை. "தப்பு என்னுதுப்பா. எலைலதான் விஷம். நீ ஒண்ணும் பண்ணல," என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

"நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும் சார்," என்றான். "அத ஊர்ல போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். அவன் திரும்பி வரவில்லை.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆளைச் சந்தேகப்படுகிற வேகத்தில் பாதியாவது உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள். நான் படவில்லை.