கிரீஸ் பூசிய மிதவை

அம்மா படகின் விளிம்பில் குனிந்து மஞ்சள் மிதவைக்குக் கிரீஸ் பூசுகிறாள். கழுத்து, இடுப்பு, அடிப்பக்கம் என்று கயிறு சுற்றக்கூடிய இடமெல்லாம் பூசுகிறாள். வெயிலுக்காக மேலே போட்டிருப்பது அப்பாவின் வெள்ளைச் சீருடைச் சட்டை. அதில் இன்றுவரை ஒரு பொட்டுக் கறை விழுந்ததில்லை. கந்தல் துணியில் நகக்கண் வரை துடைத்த பிறகுதான் அதன் பொத்தானைத் தொடுவாள்.

ஆற்றில் மூழ்கிக் கிடக்கும் பாறைகளையும் மரங்களையும் தேடி, படகுகளுக்கு அடையாளமாக மிதவை போடுவது அவள் வேலை.

இன்று காலையும் பூசிக்கொண்டிருந்தபோது ஒரு மீன்காரர் படகைத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னக்கா, பவுடர் போடலையா அதுக்கு?"

"நீ வந்து கட்டிப்பிடிச்சா உன் கை நாறணும்ல. அதுக்குத்தான்."

தூண்டில் போடுகிறவர்கள் மிதவையில் படகைக் கட்டிவிடுவார்கள். நீரோட்டம் இழுக்கும், மிதவை பாறையை விட்டு நகர்ந்துவிடும். போன வருடம் ஆற்றின் இந்த வளைவில் அப்படி நகர்ந்த மிதவையை நம்பித்தான் அப்பா பயணிகள் படகைத் திருப்பினார். படகு பாறையில் மோதியது. பயணிகள் எல்லோரும் கரையேறினார்கள். அப்பா ஏறவில்லை. அன்றோடு படகுப் போக்குவரத்தும் நின்றது. அக்கரைக்கு வேறு வழி இல்லை.

நான் கடலடி ஆழம் அளக்கும் பொறியாளர். விடுப்பு எடுத்துக் கருவியோடு வந்தேன். அம்மா கழியால் குத்திப் பார்த்தாள். நான் கருவியின் திரையைப் பார்த்தேன். பாறைக்கு இரண்டாவது முனை ஒன்று இருந்தது.

"உங்கப்பன் கண்ணுக்கே தப்பின கல்லுடி இது," என்றாள். அதற்கும் ஒரு மிதவை போட்டோம்.

இன்று பயணிகள் படகுக்குச் சோதனை ஓட்டம். அடியில் ஓர் உரசல் கேட்டால்கூடப் படகு இனி ஓடாது என்று படகுத்துறை நிர்வாகம் சொல்லியிருந்தது. ஓட்டுபவர் அப்பாவிடம் உதவியாளராக இருந்தவர். கிரீஸ் பூசிய கையோடு அம்மாவும், பக்கத்தில் நானும் வளைவின் ஓரமாக எங்கள் படகில் காத்திருந்தோம்.

"திரையையே முறைக்காத. படகைப் பாரு."

"பயமா இருக்கும்மா."

"எனக்கு மட்டும் குளுகுளுன்னு இருக்காக்கும்."

படகு வளைவுக்குள் வந்தது. முதல் மிதவையை இடப்பக்கம் விட்டது. இரண்டாவதையும் விட்டது. நீர் பிளந்து மூடியது. உரசல் இல்லை. ஹாரன் நீளமாக ஒலித்தது. இரு கரையிலும் விசில், கைதட்டல்.

அம்மா எழுந்து நின்றாள். கந்தல் துணியை நீட்டினேன். வாங்கவில்லை. கிரீஸ் அப்பிய உள்ளங்கைகளை அப்பாவின் சட்டை மார்பில் அழுத்தித் துடைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.