ஒயர் மாப்பிள்ளை மாட்டிய கேமரா

என் சின்னம்மாவுக்குப் பெண்களாகப் பிறந்து பிறந்து கடைசியில் தவமிருந்து பெற்ற மகன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். எனக்குத் தம்பி முறை. அவனுடைய ஒரே மகளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டவனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். வீட்டில் அவனை ஒயர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாமனாருக்கு மனது குளிர்ந்திருந்தால் ஒயர் மாப்பிள்ளை.

அந்த வீட்டுக்கு இன்டர்நெட் லைன் கொடுக்க, தோளில் ஒயர்ச் சுருளோடு வந்தவன் அவன். சுவரில் ஒரு ஓட்டை போட்டு ஒரு பெட்டியை மாட்டுகிற வேலை. அதையே சாக்காக வைத்துத் திரும்பத் திரும்ப வந்தான். தம்பி மகளும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபடியே இருந்தாள். அவ்வளவு தாகம் எந்த மனுஷனுக்கும் எடுக்காது. எனக்கு அப்போதே தெரியும்.

விஷயம் வெளியே வந்தபோது தம்பி அடிக்கவில்லை, கத்தவில்லை. அவன் வழி வேறு. பையனை உட்காரவைத்துச் சொன்னான்: "தாராளமா கட்டிக்கோ. ஆனா இங்கதான் இருக்கணும். உங்கம்மா என் வீட்டுப் பக்கமே வரக்கூடாது."

பையனின் அம்மா தம்பியின் கடையில்தான் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். டைல்ஸ் அறுக்கிற தூசியில் அவளுக்குத் தலைமுடி எது, தூசி எது என்று தெரியாது. "நேத்து வரைக்கும் என் கடையைப் பெருக்கினவளை எப்படிக்கா சம்பந்தின்னு கூப்பிடறது?" என்று என்னிடம் கேட்டான் தம்பி. கல்யாணம் பேசி முடித்த கையோடு அவளை வேலையை விட்டும் நிறுத்தினான். சம்பந்தியை வேலைக்கு வைத்திருப்பது மரியாதை இல்லையாம்.

அப்புறம் அவள் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கப் போனாள். பேத்தி அதே ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. பிள்ளை பெற்றவளின் படுக்கை விரிப்பை வெளுத்தவள், பிள்ளையைக் கதவு இடுக்கு வழியாகத்தான் பார்த்தாள்.

குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு மகன் ஒரு வழி பண்ணிக்கொண்டான். மத்தியானம் மாமனார் கடையில் இருக்கிற நேரம், அவன் சாப்பிட வீட்டுக்கு வருவான். அம்மா வேலை முடிந்து பின்சந்து வழியாக வருவாள். இவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போவான். பெண்டாட்டிக்கும் தெரியும். தெரியாததுபோல் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவன் அந்த வீட்டில் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான் என்று சொன்னால் மிகையில்லை.

கெடுத்தது குழந்தை தலையில் மாட்டியிருந்த ஒரு கிளிப். மஞ்சள் நிறத்தில், வாத்து பொம்மை ஒட்டியது. தம்பி பேத்தியை மடியில் வைத்திருந்தபோது பார்த்துவிட்டான்.

"இது யாரும்மா வாங்கினது?"

மகள் பாத்திரம் கழுவ எழுந்து போனாள்.

"அப்போ கிளிப்பே நடந்து வந்து தலையில ஏறிக்கிச்சா? சரி சரி. வீட்டுக்குள்ள எது எது நடந்து வருதுன்னு பார்க்கணும்."

மறுநாளே ஒரு கேமராப் பெட்டி வந்தது. "மாப்பிள்ளை, பின்வாசலுக்கு இதை மாட்டுங்க. வீட்லயே ஆள் இருக்கும்போது வெளியாளை எதுக்குக் கூப்பிடணும்?"

தம்பிக்கு எல்லாம் தெரிந்துதான் மாப்பிள்ளை கையாலேயே மாட்டச் சொன்னான். நான் அப்போது முட்டிவலிக்கு ஊசி போட்டுக்கொண்டு அந்த வீட்டில்தான் தங்கியிருந்தேன். அதைச் சொன்னபோது தம்பி முகத்தைப் பார்த்தேன்.

ஒயர் வேலையில் பையன் சுத்தம். கூடத்து வைஃபை பெட்டியிலிருந்து பரண் வழியாக ஒரே ஒரு ஒயரை இழுத்தான். கரண்டும் படமும் அந்த ஒன்றிலேயே போகுமாம். நடுவில் சின்னதாக ஒரு பெட்டி, அதுதான் ஒயருக்குள் கரண்டு ஏற்றும் என்றான். சுவரில் ஓட்டையை வெளிப்பக்கம் சரிவாகப் போட்டான், மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க. வெளியே ஒயரைத் தொங்கலாக வளைத்துவிட்டு, முனையில் எட்டு மயிரிழைக் கம்பிகளை நிறம் பார்த்து அடுக்கி நறுக்கென்று கிளிப் அடித்தான். கேமரா அடியில் இருந்த க்யூஆர் கோடு கட்டத்தை மாமனார் போனுக்குக் காட்டியதும் சந்து அதில் வந்து நின்றது. ஒரு நாய் படுத்திருந்தது.

பின்வாசலை ஒட்டித் தண்ணீர் மோட்டார் வைத்திருக்கிற சின்ன அறை உண்டு. அதற்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒண்டி நிற்கிற இடுக்கு. கேமராவை அந்த இடுக்கு படாத மூலையாகப் பார்த்து மாட்டியிருந்தான். சந்தின் அந்தப் பக்கமாகச் சுவரோடு சுவராக வந்தால் படத்தில் விழாது. அம்மாவிடமும் சொல்லிவிட்டான்.

ஆனால் அவன் அதுவரை மாட்டியதெல்லாம் கடைகளுக்கான பழைய மாடல் கேமரா. அவற்றுக்குக் கண் உண்டு, காது கிடையாது. இதற்கு இரண்டும் இருந்தது, வாயும் இருந்தது. அதை அவன் பார்க்கவில்லை.

ஒரு நாள் சளி என்று தம்பி கடைக்குப் போகவில்லை. கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். படத்தில் வெறும் சந்து. நாய். திடீரென்று ஒரு பொம்பளைக் குரல்.

"தங்கத்துக்கு ஏன்டா கை சில்லுனு இருக்கு? சட்டை மாத்தி விடேன்."

"அவரு உள்ளதான்மா இருக்காரு. மெதுவா பேசு."

"ஐயோ, அப்ப நான் போறேன்."

"பயப்படாத. இங்க நின்னா தெரியாது. அந்தாளு போன்ல நாய் மட்டும்தான் தெரியும்."

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். போனில் எதையோ அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயருகே கொண்டுபோனான்.

"நாய் நல்லா பேசுதே மாப்பிள்ளை!"

அவன் குரல் சந்தில் கணகணவென்று கேட்டது. குழந்தை வீறிட்டு அழுதது.

"ஓட வேண்டாம். உங்கம்மா அங்கயே நிக்கட்டும். ஏணியை எடுத்துட்டு வந்து கேமராவைக் கொஞ்சம் கீழ திருப்புங்க. அந்த இடுக்கு தெரியல எனக்கு."

அடுப்படியிலிருந்து மகள் ஓடிவந்தாள். "அப்பா, வேணாம்ப்பா. விட்டுடுங்கப்பா."

"உனக்கும் அவங்ககூடப் போகணுமாம்மா? போ. துணியை எடுத்துக்கோ. பிள்ளை இங்கதான் இருக்கும். எந்த கோர்ட்டுக்கு வேணா போங்க, ரெண்டு பேர் கிட்டயும் பஸ்ஸுக்குக் காசு இருக்கா?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் "டேய் தம்பி" என்றேன். "நீ மாத்திரை போட்டியாக்கா?" என்று கேட்டான்.

வெளியே ஏணி சாத்துகிற சத்தம் போனில் வந்தது. சந்து சரிவான தரை. ஏணி ஒரு காலில்தான் நின்றது, ஏற ஏற ஆடியது. "இருடா, விழுந்துடுவ" என்று அவன் அம்மாவின் குரல். திருகு கழன்றது. படம் குலுங்கி வானத்துக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்கு வந்து, சுவரில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. குழந்தையைத் தரையில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஏணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். நரைத்த வகிடு நடுப்படத்தில் வந்தது. நிமிர்ந்து மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் மாப்பிள்ளை. இப்ப நல்லாத் தெரியுது," என்றான் தம்பி. "இறுக்குங்க."

அவன் இறுக்கினான்.