மூத்த டிஸ்க்கும் இளைய டிஸ்க்கும்

கம்ப்யூட்டர் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். மற்ற கடைகள் கைவிரித்த பழசுகள்தான் அவளைத் தேடி வரும். கிடங்கில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப்போடும் வேலைக்குப் போனவள், பிரிக்கப் பிரிக்கச் சேர்க்கவும் கற்றுக்கொண்டாள். உயிர் மிச்சமிருக்கும் பொருளைக் குப்பையில் எறிவது பாவம் என்பது அவள் எண்ணம்.

அன்று காலை எம்பிராய்டரிக்காரர் அவள் வாசலில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

“தங்கச்சி, நேத்து என் கம்ப்யூட்டர்ல நீ கை வச்ச. இன்னைக்கு ரெண்டு டிஸ்க்குமே திரையில காணோம். பத்தொன்பது வருஷத்து டிசைன் மொத்தமும் அதுலதான் இருக்கு.”

அவருடைய பழைய டிஸ்க் முனக ஆரம்பித்திருந்தது. அதிலுள்ளதைப் பிரதி எடுக்க, அதே மாதிரி இன்னொன்றை நேற்று அதே கேபிளில் மாட்டியிருந்தாள். இரண்டும் திரையில் தெரிந்தன. அதற்குள் கரண்ட் போய்விட, கம்ப்யூட்டரின் மூடியைக்கூடப் போடாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அந்த நேரத்தில் பழையது செத்திருந்தால்?

“என் கையால போயிருந்தா மறைக்க மாட்டேண்ணே. வாங்க, பாத்துருவோம்.”

அவர் கடையில் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தாள். டிஸ்க்கே இல்லை என்றது திரை. கரண்டை நிறுத்திவிட்டு, டார்ச் அடித்து உள்ளே குனிந்தாள். டிஸ்க்கின் பின்புறம் அரிசி அளவில் ஒரு கறுப்பு மூடி உண்டு, ஜம்பர் என்பார்கள். இரண்டிலும் அது ஒரே இடத்தில் இருந்தது.

“இதை யார் தொட்டாங்க?”

அவர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். “தூசி தட்டினேன்.”

“தூசி மட்டுமா?”

“ஒண்ணு இந்த ஓரம், ஒண்ணு அந்த ஓரம்னு இருந்துச்சு. காலர் ரெண்டு பக்கமும் ஒத்து வரலைன்னா எனக்குச் சோறு இறங்காது. சமமாக்கிட்டேன்.”

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது.

“அதாண்ணே வம்பு. யாரு மூத்தவர், யாரு இளையவர்னு சொல்றதே அதுதான். நீங்க ரெண்டையும் மூத்தவராக்கிட்டீங்க. ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்குமா?”

“என் வீட்டுல ரெண்டு சம்பந்தியும் வந்த அன்னைக்கு மாதிரியா?”

“அதேதான்.”

அவருடைய ஊசியாலேயே ஒரு ஜம்பரைக் கிளப்பி மாற்றிப் போட்டாள். கடவுளை நினைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள். பழையது முனகியது. இரண்டும் திரையில் வந்தன. கடைசிப் பூ டிசைனும் பிரதியாகும்வரை அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. வாங்கி வைத்த டீ ஆறிப்போயிருந்தது.

அதற்குள் அவர் இரண்டு துணித்துண்டுகளில் ‘மூத்தது’, ‘இளையது’ என்று தைத்துவிட்டார். அவள் அவற்றை டிஸ்க்குகள்மேல் ஒட்டினாள். ஒன்று மற்றதைவிட விரற்கடை நீளம். அவர் கத்திரிக்கோலை எடுத்தார், டிஸ்க்கைப் பார்த்தார், பிறகு கத்திரிக்கோலைத் திரும்ப மேஜைமேல் வைத்துவிட்டார்.