பங்களாத் தொட்டில்

ஐந்தருவி போகும் வழியில், மேட்டின் மேல் நிற்கும் அந்தப் பழைய பங்களாவில் ஜோதிலட்சுமிக்குத் துடைக்கிற வேலை. பெல்ஜியம் கண்ணாடி, ஈட்டிமரக் கட்டில், ரோஜாப் பாத்திகளைப் பார்த்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் ஒன்பது மணிக்குள் துடைத்தாக வேண்டும். சாரல் காலத்தில் காலையில் துடைத்த மரம் சாயங்காலமே பூசணம் பூக்கும்.

டிக்கெட் போட்டு ஆட்களை உள்ளே விடத் தொடங்கியபோது குழந்தை அறை மட்டும் வெறுமையாக இருந்தது. பழைய சாமான் ஏதாவது வேண்டும் என்றார் மேனேஜர். அங்கேயே தோட்டவேலை பார்க்கும் அவள் புருஷன் கணேசமூர்த்தி, மேலகரத்தில் இருக்கும் தங்கள் வீட்டுப் பரணிலிருந்து மரத்தொட்டிலை இறக்கிக் கொடுத்துவிட்டான்.

"சும்மாதானட்டி கெடக்கு" என்றான்.

சும்மாதான் கிடந்தது, பதினாறு வருஷமாக. எட்டு மாதத்தில் காய்ச்சலில் போன மகளின் தொட்டில் வேறு எப்படிக் கிடக்கும்?

இப்போது அதைச் சுற்றிக் கயிறு. 'முதலாளியின் பேத்தி உறங்கிய தொட்டில்' என்று பலகை. நேற்று மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மா, அந்தப் பேத்தி இப்போது எங்கே என்று கேட்டாள். மேனேஜர் சொல்லிக்கொடுத்திருந்ததை ஜோதி ஒப்பித்தாள்.

"லண்டன்ல டாக்டரா இருக்காவம்மா."

"பேரு?"

பேரை மேனேஜர் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜோதியின் வாயில் ஒரே ஒரு பேர்தான் இருந்தது.

"செண்பகம்."

"கொடுத்து வச்ச பொண்ணு!"

"ஆமாம்மா. கொடுத்து வச்சவதான்."

பக்கத்தில் நின்ற மேனேஜருக்கு அந்தப் பேர் பிடித்துப்போயிற்று. இன்று காலை பலகையில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது: 'டாக்டர் செண்பகம், லண்டன்.'

இனி அதையும் அவள்தான் துடைக்க வேண்டும்.